நட்டுக்கேற்ற ஸ்பானர்

மோட்டார் வண்டியின் யந்திரம் ஒன்றைக் கழற்றிப் பரப்பி வைத்தால், அதில் மிகுதியாகக் காணப்படும் உறுப்பு எது? சிலிண்டர் அன்று, பிஸ்டன் அன்று, வால்வும் அன்று. போல்ட்டும் நட்டுமே எண்ணிக்கையில் ஏனைய எல்லாவற்றையும் விஞ்சி நிற்கும். மற்றைய உறுப்புக்கள் தத்தம் தொழிலைச் செய்வது, இவை அவற்றை உரிய இடத்தில் பிடித்து நிறுத்தும் வரையிற்றான். இவற்றை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கருவி ஸ்பானர். பார்வைக்கு அஃது எளிய இரும்புத் துண்டு. ஆயினும் அதன் வாயின் அகலமும், அதன்மேற் பொறித்த எண்ணும், அது கவ்வும் நட்டின் புரியும் ஒன்றோடொன்று ஒத்து வருவதற்கு உலகம் நூறாண்டுக்கு மேல் வழக்காட வேண்டியிருந்தது. அந்த வழக்கு இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. யந்திர வேலைக்கு ஸ்பானரைத் தெரிந்தெடுக்கும் ஒவ்வொருவரும் அவ்வழக்கின் நடுவிலேயே கைவைக்கின்றனர்.

முதலில் புரி என்பது யாதெனத் தெளிதல் வேண்டும். போல்ட்டின் தண்டைச் சுற்றிச் சுருள்வழியாய் ஏறிச் செல்லும் வரம்பே புரி. தண்டின் விட்டம் ஓர் அளவு. ஓர் அங்குல நீளத்துள் அமையும் புரிகளின் தொகை மற்றோர் அளவு. வரம்பின் இரு சரிவுகளும் தம்முள் அமைக்கும் கோணம் மூன்றாவது அளவு. இம்மூன்றும் போல்ட்டிலும் நட்டிலும் ஒத்திருந்தாலன்றி ஒன்று மற்றொன்றில் முறையாக ஏறாது. நட்டின் வெளிப்புறத்து எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலுள்ள அகலம் நான்காவது அளவு. ஸ்பானரின் வாய் பொருந்த வேண்டியது அந்த நான்காவது அளவோடு.

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்த அளவுகளுக்குப் பொதுநெறி எதுவும் இருந்ததில்லை. ஒவ்வொரு பட்டறையும் தனக்கு வேண்டிய புரியைத் தானே வெட்டிக்கொண்டது. ஒரே பட்டறையிற் செய்த இரண்டு போல்ட்டுகள்கூட ஒன்றற்கொன்று மாறுபட்டன. யந்திரத்தைக் கழற்றுவோர் எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு உரியது என அடையாளமிட்டு வைப்பது வழக்கம். அடையாளம் தவறினால் யந்திரத்தை மீண்டும் பூட்டுவது அரிதாகிவிடும். ஒரு நட்டு உடைந்தாலோ அதனைச் செய்த பட்டறைக்கே அதனை அனுப்ப வேண்டும். அப்பட்டறை அழிந்து போயிருந்தால் யந்திரமும் அதனோடு முடங்கிற்று.

இந்நிலையை மாற்றுதற்கு வழிவகுத்தவர் ஹென்றி மோட்ஸ்லே என்னும் ஆங்கிலேயர். 1800ஆம் ஆண்டையொட்டி இவர் அமைத்த கடைசல் யந்திரம், ஒரே அளவான புரியை மீண்டும் மீண்டும் பிழையின்றி வெட்டவல்லதாயிருந்தது. இலண்டனில் இருந்த அவருடைய பட்டறை, பின்னாளிற் புகழ்பெற்ற யந்திர வல்லுநர் பலருக்குப் பள்ளிக்கூடமாய் விளங்கிற்று. அங்கே 1825ஆம் ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்களுள் ஒருவர் ஜோசப் விட்வேர்த். ஸ்ரொக்போர்ட் நகரில் 1803இற் பிறந்த அவர், 1833இல் மான்செஸ்டரில் தமக்கெனத் தொழிற்சாலை அமைத்தார்.

மோட்ஸ்லே தம் பட்டறைக்குள் நிலைநாட்டிய ஒழுங்கை நாடு முழுவதற்கும் பொதுவாக்க விட்வேர்த் விரும்பினார். 1841ஆம் ஆண்டில் குடிசார் பொறியியலாளர் கழகத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரை படித்தார். அவர் கையாண்ட முறை உற்று நோக்கத் தக்கது. சிறந்த புரி எதுவெனத் தாமே தம் அறையில் இருந்து கணித்து, அதனை மற்றவர்மேற் சுமத்த அவர் முற்படவில்லை. இங்கிலாந்தின் முதன்மையான தொழிற்சாலைகள் பலவற்றிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டினார். அவற்றின் அளவுகளை எடுத்தார். அவற்றின் சராசரியைக் கண்டார். அந்தச் சராசரியிலிருந்தே 55 பாகைக் கோணமும், ஒவ்வொரு விட்டத்துக்கும் உரிய புரித்தொகையும் பெறப்பட்டன. கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 புரி; அரை அங்குலத்துக்கு 12; ஓர் அங்குலத்துக்கு 8. வரம்பின் முடியும் அடியும் வட்டமாக உருட்டப்பட்டன. எவருடைய புரியும் முழுவதும் வெல்லவில்லை. எவருடைய புரியும் முழுவதும் தோற்கவுமில்லை. அதனாலேயே பலரும் அதனை மனமுவந்து ஏற்றனர்.

இங்கிலாந்தெங்கும் இருப்புப்பாதை விரைந்து பரவிய காலம் அது. ஒரு நகரிற் செய்த வண்டியை மற்றொரு நகரிற் பழுதுபார்க்க வேண்டிய தேவை எழுந்தமையால், இருப்புப்பாதைக் கம்பனிகள் விட்வேர்த் புரியை முன்வந்து ஏற்றன. 1853இல் தொடங்கிய கிரைமியப் போர் அதன் பயனை மேலும் விளக்கிற்று. ஆழங்குறைந்த நீரிற் செல்லவல்ல பீரங்கிப் படகுகள் பல கடற்படைக்கு விரைவில் வேண்டப்பட்டன. அவற்றுக்கான நீராவி யந்திரங்களைச் செய்யும் பொறுப்பை ஏற்ற ஜோன் பென் என்பவர், மாதிரி யந்திரங்களின் உறுப்புக்களைக் கழற்றிப் பல பட்டறைகளுக்குப் பகிர்ந்தளித்து, அவ்வவ்வுறுப்பைப் பெருந்தொகையாகச் செய்வித்தார். ஏறத்தாழ 90 யந்திரத் தொகுதிகள் 90 நாள்களில் முடிந்தன என்பர். வெவ்வேறிடத்தில் வெவ்வேறு கைகளாற் செய்த உறுப்புக்கள் ஓரிடத்தில் வந்து பொருந்தின. புரியின் நியமம் ஒன்றாயிருந்தமையே அதற்குக் காரணம்.

விட்வேர்த் முறையில் ஸ்பானரிற் பொறிக்கப்பட்ட எண்ணைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறுதல் தகும். அந்த எண், ஸ்பானரின் வாய் அகலத்தைக் குறிப்பதன்று. நட்டு ஏறும் போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. கால் அங்குலம் எனப் பொறித்த விட்வேர்த் ஸ்பானரின் வாய் உண்மையில் அரை அங்குலத்திலும் சற்றுப் பெரியது, 0.525 அங்குலம். இதனை அறியாதார் அளவுகோலை வைத்துப் பார்த்து, ஸ்பானர் செய்தவன் பிழைவிட்டான் எனக் கருதுவர். பிழை ஸ்பானரில் இல்லை. அது பேசும் மொழி வேறு.

அத்திலாந்திக்கின் அக்கரையில் மற்றொரு மொழி தோன்றிற்று. 1864ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், பிலடெல்பியாவிலுள்ள பிராங்ளின் கழகத்தின் முன் வில்லியம் செல்லர்ஸ் என்பார் அமெரிக்காவுக்கெனத் தனியான புரிமுறை ஒன்றை எடுத்துரைத்தார். 55 பாகைக் கோணத்தை அளப்பது கடினம்; 60 பாகையோ சமபக்க முக்கோணத்தின் கோணம், எளிதில் அமைவது. வட்டமாக உருட்டிய முடியை வெட்டுதற்குத் தேர்ந்த தொழிலாளியும் பலவகைக் கத்திகளும் வேண்டும். தட்டையான முடியைச் சாதாரணத் தொழிலாளியும் வெட்டலாம். இவை செல்லர்ஸ் காட்டிய காரணங்கள். விட்வேர்த் அனுபவத்தின் சராசரியை எடுத்தார். செல்லர்ஸ் செய்வதற்கு எளிமை எதுவென வினவினார். இரண்டும் நியாயமான வினாக்களே. விளைவோ இரண்டு நியமங்கள். அமெரிக்கக் கடற்படை 1868இற் செல்லர்ஸ் முறையை ஏற்றது. பெரிய இருப்புப்பாதைக் கம்பனிகளும் அதனைத் தொடர்ந்தன.

இவ்விரு முறைகளிலும் பல விட்டங்களுக்குப் புரித்தொகை ஒன்றே, கோணமே வேறு. அரை அங்குல போல்ட்டிலோ புரித்தொகையும் வேறாயிற்று. ஆங்கிலேயர் 12 புரி வெட்டினர். அமெரிக்கர் 13 வெட்டினர். ஒன்றன் நட்டை மற்றொன்றன் போல்ட்டில் ஏற்றினால் முதலிரு சுற்றும் தடையின்றி ஏறும், பின்னர் இறுகும், மேலும் வலிந்து திருகினால் புரி அழியும். முற்றாகப் பொருந்தாத நட்டு உடனே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏறத்தாழப் பொருந்தும் நட்டோ வேலை செய்பவனை ஏமாற்றிவிட்டே தன்னைக் காட்டும். இவ்வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் இடர் இதுவே.

ஐரோப்பியக் கண்டம் மூன்றாவது வழியிற் சென்றது. மீற்றர் அளவையை மேற்கொண்ட நாடுகள் 1898ஆம் ஆண்டில் சூரிச் நகரிற் கூடி, 60 பாகைக் கோணமுடைய மில்லிமீற்றர்ப் புரிக்குப் பொது அளவுகளை வகுத்தன. ஆக, மோட்டார் வண்டி குழந்தைப் பருவத்தில் இருந்தபோதே அதனைப் பூட்டுதற்கு மூன்று மொழிகள் உருவாகிவிட்டன.

பொதுநியமம் இல்லாமையால் விளையும் கேடு எத்தகையது என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1904ஆம் ஆண்டிற் கண்டது. பெப்ரவரி 7ஆந் தேதி அந்நகரின் வணிகப் பகுதியிற் பெருந்தீ மூண்டது. உதவி வேண்டி அனுப்பிய செய்தி கேட்டு, வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயோர்க் முதலாய நகரங்களிலிருந்து தீயணைப்புப் படைகள் யந்திரங்களோடு விரைந்து வந்தன. ஆட்கள் இருந்தனர், யந்திரங்கள் இருந்தன, குழாய்களில் நீரும் இருந்தது. ஆயினும் வெளியூரார் பலர் கொண்டுவந்த நீர்க்குழாய்களின் புரி, பால்டிமோர் நகரத்து நீர்வாய்களின் புரியோடு பொருந்தவில்லை. நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தீ 30 மணி நேரம் எரிந்தது. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன்பின் நடந்த ஆய்வில் அந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட வேறுபட்ட இணைப்புக்கள் வழங்கியமை தெரியவந்தது. அடுத்த ஆண்டிலேயே தீயணைப்புக் குழாய்களுக்கு ஒரு பொது நியமம் வகுக்கப்பட்டது. ஆயினும் பழைய குழாய்களை மாற்றும் செலவுக்கு அஞ்சிய நகரங்கள் பல, நெடுங்காலம் அதனை மேற்கொள்ளவில்லை.

நட்டுகள் இவ்வாறு பலவாகப் பிரிந்திருக்க, அவற்றைக் கவ்வும் கருவிகளைச் செய்தோர் இரு வழிகளைக் கண்டனர். ஒன்று, எந்த நட்டுக்கும் ஏற்ப வாயைப் பெருக்கவும் சுருக்கவும் கூடிய ஸ்பானர். விட்வேர்த் தம் ஆய்வுரையைப் படித்த அதே 1841ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்து லோரிங் கோஸ் என்பவர், ஒரு திருகாணியைச் சுழற்றினால் வாய் அகன்று சுருங்கும் ஸ்பானருக்குக் காப்புரிமை பெற்றார். நட்டுகளை ஓரளவாக்குக என்றது இங்கிலாந்து. எல்லா அளவுக்கும் ஏற்ற கருவியைச் செய்க என்றது அமெரிக்கா. ஒரே இடர்ப்பாட்டுக்கு ஒரே ஆண்டில் இரு விடைகள் பிறந்தன. சுவீடன் நாட்டு ஜோகான் பெற்றர் ஜோகான்சன் 1892இற் காப்புரிமை பெற்ற வடிவமே இன்று உலகெங்கும் வழங்கும் நகரும் வாய் ஸ்பானருக்கு முன்னோடி. ஆயினும் நகரும் வாய்க்கு ஒரு குறை உண்டு. நகர்வதற்கு இடைவெளி வேண்டும். இடைவெளி உள்ளவிடத்து ஆட்டம் உண்டு. ஆட்டம் உள்ளவிடத்து நட்டின் மூலை மழுங்கும். ஆதலால் யந்திரத்தின் உள்ளுறுப்புக்களில் அதனைப் பயன்படுத்தக் கைதேர்ந்த தொழிலாளர் தயங்குவர்.

மற்றொரு வழி, ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு ஸ்பானர். திறந்த வாய் ஸ்பானரை உற்று நோக்கினால் அதன் வாய் கைப்பிடியின் நேர்க்கோட்டில் இல்லாது 15 பாகை சரிந்திருப்பதைக் காணலாம். அஃது அழகுக்காக அமைந்ததன்று. அறுகோண நட்டு 60 பாகைக்கு ஒருமுறை பழைய நிலையை அடையும். நேரான ஸ்பானராயின், நட்டை மீண்டும் பிடிக்கக் கையை 60 பாகை அசைக்க இடம் வேண்டும். வாய் 15 பாகை சரிந்திருப்பதனால், ஸ்பானரைப் புரட்டிப் புரட்டிப் போட்டு 30 பாகை இடத்திலேயே நட்டைச் சுழற்றி முடிக்கலாம். யந்திரத்தின் இடுக்குகளில் வேலை செய்வோருக்கு இச்சரிவின் அருமை தெரியும்.

திறந்த வாய் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும். நட்டை முழுதுஞ் சுற்றிக் கொள்வது றிங் ஸ்பானர். நட்டின்மேற் கிண்ணம்போற் கவிந்து, மேலே கைப்பிடி பூட்டுதற்குச் சதுரத் துளை உடையது சொக்கெட்டு. கைப்பிடியோடு ஒன்றாய் அமைந்த சொக்கெட்டுகள் முன்னரே வழங்கின. அளவு எத்தனையோ அத்தனை கைப்பிடி. அதனால் விலையும் மிகுதி, சுமையும் மிகுதி. 1920ஆம் ஆண்டில் மில்வோக்கி நகரில் ஜோசப் ஜோன்சன் என்பவர், சொக்கெட்டையும் கைப்பிடியையும் தனித்தனியாக்கி ஒன்றில் ஒன்று மாட்டக்கூடியதாகச் செய்து விற்கத் தொடங்கினார். 5 கைப்பிடியும் 10 சொக்கெட்டும் இருப்பின் 50 கருவிகளின் வேலை நடக்கும். பழைய வணிகமுறை இதனை விரும்பவில்லை, தொழிலாளரோ விரும்பினர். ஸ்நாப்-ஒன் என்னும் நிறுவனம் அவ்விருப்பத்திலிருந்து வளர்ந்தது. ஒரு புறம் மட்டுமே பற்றி மறுபுறம் வழுவும் பற்சக்கரக் கைப்பிடியும் சேர்ந்தமையால், நட்டை விட்டுக் கருவியை எடுக்காமலே முன்னும் பின்னும் அசைத்து இறுக்குவது கைகூடிற்று. இதில் ஒரு விந்தை உண்டு. மில்லிமீற்றர் நட்டுக்கான சொக்கெட்டுகளிலும் கைப்பிடி பூட்டும் சதுரம், பழைய அங்குல வரிசையிலேயே இன்றும் வழங்குகிறது: கால் அங்குலம், முக்கால் அரைக்கால் என வேறு பிரிவுகளைப் பெருக்காது, 1/4, 3/8, 1/2, 3/4 என்னும் நான்கே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

சொக்கெட்டைத் தெரிவோர் அதன் உட்புறத்தையும் நோக்குதல் வேண்டும். உள்ளே 6 மூலை உடையதும் உண்டு. 12 மூலை உடையதும் உண்டு. 12 மூலை உடையது 30 பாகைக்கு ஒருமுறை நட்டில் அமரும். ஆதலால் ஒடுங்கிய இடத்துக்கு எளிது. 6 மூலை உடையது நட்டின் பக்கங்களைக் கூடிய பரப்பிற் பற்றும். துருப்பிடித்த நட்டையும் மூலை மழுங்கிய நட்டையும் கழற்ற அதுவே ஏற்றது. எளிமைக்கு ஒன்று, வலிமைக்கு ஒன்று.

இறுக்குவதற்கும் ஓர் அளவு உண்டு. சிலிண்டர்த் தலையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒருபுறம் மிகையாகவும் மறுபுறம் குறைவாகவும் இறுக்கினால், இடையிலுள்ள கஸ்கெட் சீராக நசுங்காது. எரிவாயுவும் நீரும் ஒன்றினுள் ஒன்று புகும். அதனால் நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கி, படிப்படியாக இறுக்குமாறு யந்திரம் செய்தோர் விதித்தனர். முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர் இந்த வேலைக்குப் பெரிதும் உதவிற்று. நீண்ட கைப்பிடி கொண்டு வலிமையெல்லாம் காட்டுவது திறமையன்று என்பதை அது கற்பித்தது.

மூன்று மொழிகளும் ஒரே யந்திரத்துக்குள் கலந்த கதையும் ஒன்று உண்டு. முதலாம் உலகப் போரின்போது பிரெஞ்சு நிறுவனமாகிய ஹொச்கிஸ் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஒரு தொழிற்சாலை நிறுவிற்று. அதிலிருந்த கடைசல் யந்திரங்கள் மில்லிமீற்றர்ப் புரியையே வெட்டுவன. போருக்குப்பின் அத்தொழிற்சாலை மோட்டார் யந்திரங்களைச் செய்தது. 1923இல் அதனை மொறிஸ் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. யந்திரங்களை மாற்றுவது பெருஞ்செலவு. ஆதலால் மில்லிமீற்றர்ப் புரியே தொடர்ந்தது. ஆனால் இங்கிலாந்திலுள்ள கராஜ்களில் இருந்தவையோ விட்வேர்த் ஸ்பானர்கள். எனவே புரியை மில்லிமீற்றரிலும், வெளித்தலையை விட்வேர்த் அளவிலுமாகச் செய்தனர். புகழ்பெற்ற எம்.ஜி. விளையாட்டு வண்டிகளின் யந்திரங்கள் 1950கள் வரை இவ்வாறே வெளிவந்தன. ஸ்பானர் பொருந்துவதைக் கண்டு விட்வேர்த் போல்ட்டு என நம்பி, வேறொரு விட்வேர்த் போல்ட்டை அத்துளையில் ஏற்றியோர் யந்திரத்தின் புரியையே கெடுத்தனர். ஸ்பானர் உண்மை கூறிற்று. ஆயின் முழு உண்மையைக் கூறவில்லை.

இரண்டாம் உலகப் போர் இப்பிளவின் விலையை அரசுகளுக்கே உணர்த்திற்று. ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்தின் மேர்லின் விமான யந்திரத்தை அமெரிக்காவிற் செய்ய பக்கார்ட் நிறுவனம் 1940இல் ஒப்பந்தம் செய்தது. ஆங்கிலப் புரிகளை வெட்டும் கருவிகள் அமெரிக்காவில் இல்லை. புரிகளை அமெரிக்க முறைக்கு மாற்றினால், போர்க்களத்திற் பழுதுபார்ப்போருக்கு ஒரே யந்திரத்தில் இருவகை உறுப்புக்கள் வந்து சேரும். ஆகவே பக்கார்ட் ஆங்கிலப் புரிகளையே மேற்கொண்டு, அவற்றை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொண்டது. 55,000க்கும் மேற்பட்ட மேர்லின் யந்திரங்கள் அங்கு உருவாயின. இங்கிலாந்திலோ உலோகத்தைச் சேமிக்கும் பொருட்டு விட்வேர்த் போல்ட்டுகளின் தலையை ஒருபடி சிறிதாக்கினர். அதன் அடையாளமாகவே ஆங்கில ஸ்பானர் பலவற்றின் ஒரே வாயில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

போர் முடிந்தபின் அறிஞர் விழித்துக்கொண்டனர். 1947இல் அனைத்துலக நியம நிறுவனம் தோன்றியபோது, அதன் தொழில்நுட்பக் குழுக்களுள் முதலாவது எண் பெற்றது திருகுபுரிக் குழுவே. 1948 நவம்பர் 18ஆந் தேதி பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடி ஒரே அங்குலப் புரிக்கு உடன்பட்டனர். விட்வேர்த்தின் 55 பாகையைக் கைவிட்டுப் பிரித்தானியா 60 பாகையை ஏற்றது. அரை அங்குலத்துக்கு 13 புரி என்பதையும் ஏற்றது. அடியை உருட்டும் ஆங்கில வழக்கம் புதிய முறையில் இடம்பெற்றது. இம்முறைக்குரிய ஸ்பானரில் எண், வாயின் அகலத்தையே குறிக்கும். ஆனால் உலகம் அதற்குள் மில்லிமீற்றரை நோக்கிச் சாயத் தொடங்கியிருந்தது. 1965இல் பிரித்தானிய நியம நிறுவனமே விட்வேர்த் முதலிய பழைய புரிகள் வழக்கொழிந்து வருவன எனக் கருதும்படியும், மில்லிமீற்றர்ப் புரியை முதற்றெரிவாகக் கொள்ளும்படியும் தொழிலகங்களை வேண்டிற்று.

இலங்கையின் வீதிகள் இந்த வரலாறு முழுவதையும் கண்டவை. போருக்கு முற்பட்ட ஆங்கில வண்டிகள் விட்வேர்த் குடும்பத்துப் புரிகளோடு இத்தீவுக்கு வந்தன. 1951இல் ஒஸ்ரின் நிறுவனம் வெளியிட்டு, அடுத்த ஆண்டில் மொறிஸ் மைனரிலும் பூட்டத் தொடங்கிய சிறிய யந்திரம் புதிய உடன்பாட்டுப் புரியோடு வந்தது. 1977இன் பின் பெருகிய யப்பானிய வண்டிகள் மில்லிமீற்றரைக் கொண்டு வந்தன. ஆகவே மூவகை வண்டிகளையும் ஏற்ற கராஜுக்கு மூன்று பெட்டி ஸ்பானர்கள் வேண்டியிருந்தன. 1990களில் வடபகுதி முற்றுகைக்குள் இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் பழைய ஆங்கில வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரி உறுப்பு அரிதாகிய அந்நாளில் ஒரு போல்ட்டின் புரியைக் கெடுப்பது சிறிய பிழையாய் இருக்க முடியாது.

எது எதனோடு மயங்கும் என்பதை மூன்று எண்கள் விளக்கும். உடன்பாட்டு முறையின் அரை அங்குல ஸ்பானரின் வாய் 12.70 மில்லிமீற்றர். அடுத்துள்ள மில்லிமீற்றர் ஸ்பானர் 13. கால் அங்குலம் எனப் பொறித்த பழைய விட்வேர்த் ஸ்பானர் 13.34. சிறியதற்கும் பெரியதற்கும் இடையே வேற்றுமை ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் இரு பங்கும் இல்லை. கண் இதனைக் காணாது. கை சற்றே உணரும். நட்டின் மூலையோ நன்றாக உணரும். பெரிய வாயுள் அகப்பட்ட நட்டு பக்கங்களால் தாங்கப்படாமல் மூலைகளாலேயே தாங்கப்படும். விசை முழுவதும் அம்மூலைகளிற் சேர, அவை மழுங்கும். மழுங்கிய நட்டை அதன்பின் உரிய ஸ்பானரும் பற்றாது. இதற்கு மாறாக 19 மில்லிமீற்றரும் முக்கால் அங்குலமும் ஏறத்தாழ ஒன்றே, வேற்றுமை 0.05 மில்லிமீற்றர்தான். எல்லா மயக்கமும் தீதன்று. எது தீது எது தீதன்று என அறிவதே அறிவு. ஆகவே, வண்டி எந்த நாட்டில் எந்த ஆண்டிற் செய்யப்பட்டது என முதலில் வினவுக. பின்னர் நட்டை அளக்க. அதன்பின் ஸ்பானரை எடுக்க. ஆட்டமுள்ள ஸ்பானரைச் சீலையோ தகடோ வைத்து இறுக்கிப் பயன்படுத்துவது, ஒரு நட்டை விடுவித்துப் பல நட்டுகளைக் கெடுக்கும் வழி.

நுண்ணிய வேற்றுமை உயிரோடு விளையாடிய நாளும் உண்டு. 1990 ஜூன் 10ஆந் தேதி, இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலிருந்து ஸ்பெயின் நாட்டு மலாகாவுக்குப் புறப்பட்ட ஒரு பயணிகள் விமானம் 17,000 அடிக்கு மேல் எழுந்தபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடிப்பலகை பெயர்ந்து வெளியே பறந்தது. விமானத் தலைவர் பாதி உடல் வெளியே இழுபட்டுத் தொங்கினார். பணியாளர் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணைவிமானி சவுதாம்ரனில் விமானத்தை இறக்கினார். விமானத் தலைவர் உயிர்பிழைத்தார். 81 பயணிகளும் உயிர்தப்பினர்.

ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. அக்கண்ணாடி அதற்கு முன்னைய நாளிலேயே புதிதாகப் பூட்டப்பட்டிருந்தது. அதனைப் பிடித்த 90 போல்ட்டுகளில் 84, உரிய விட்டத்தினும் 0.026 அங்குலம் சிறியவை. எஞ்சிய 6 நீளத்திற் குறைந்தவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டே புதியவை தெரிந்தெடுக்கப்பட்டன. சிறிய போல்ட்டுக்கும் பெரியதற்கும் அங்குலத்துக்கு 32 புரி. ஆதலால் அவை துளையில் ஏறின. இறுகியவை போலவும் தோன்றின. பொருந்தாத போல்ட்டாயின் தரையிலேயே அகப்பட்டிருக்கும். ஏறத்தாழப் பொருந்தியமையாலேயே அது வானம்வரை சென்றது.

விட்வேர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளை மேசைமேற் பரப்பி அளந்த நாள் முதல், மூன்று நாடுகள் வாஷிங்டனிற் கூடிய நாள் வரை நடந்த முயற்சியெல்லாம் ஒரே நோக்குடையது. ஒருவன் செய்த பொருளை அவனை ஒருபோதும் கண்டறியாத மற்றொருவன், வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் நம்பிக் கையாளல் வேண்டும் என்பதே அந்நோக்கு. அந்த நம்பிக்கைக்குச் சான்றாய் இருப்பது ஸ்பானரிற் பொறித்த சிறிய எண். அதனை வாசித்து, அதன் மொழியை அறிந்து, அளந்து எடுப்பவன் அந்த நெடிய உடன்பாட்டிற் பங்காளியாகிறான். வாசியாது, கைக்கு எட்டியதை எடுப்பவனோ, நூறாண்டுக் காலம் பலர் முயன்று அடைத்த இடைவெளியைத் தன் பட்டறையில் மீண்டும் திறந்து விடுகிறான்.